முடிந்ததை விடுங்கள், பாதியில் நிற்பதைச் சொல்லுங்கள்

1 | ஏரிக்கரை

ஊருக்கு ஒருவர், இரண்டு ஊருக்கு ஒருவர் என்று சிதறிக் கிடக்கிறோம். ஒருவர் பட்டறையை மற்றவர் எட்டிப் பார்த்தே எத்தனையோ மாதங்கள் ஆகின்றன. மூடிக் கிடக்கும் பள்ளிக் கட்டடத்தில் கூட்டாகக் காட்சி வைப்பது என்று பேசி முடித்தாயிற்று. ஆனால் யார் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பது ஒருங்கிணைக்கும் எனக்கே தெரியவில்லை. சட்டம் போட்டு மாட்டியவற்றைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். பாதியில் நிற்பது, மூன்று முறை கெட்டது, யாராவது வந்தால் துணி போட்டு மூடுவது, அவற்றைச் சொல்லுங்கள்.

முதல் அவமானம் என்னுடையதாக இருக்கட்டும். புயலில் விழுந்த ஒரு வேம்பின் அடிமரத்தை வட்டு வட்டாக அறுத்து வாங்கி வந்தேன். குறுக்குவெட்டில் செதுக்க ஆசை. இங்கிலாந்தின் அச்சுச் செதுக்குக் கலைஞர் தாமஸ் பெவிக் (1753–1828) அப்படித்தான் பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டில் பறவைகளைச் செதுக்கினார். இறகின் ஒவ்வோர் இழையும் அச்சில் விழும். அவர் எடுத்துக்கொண்டவை கையகலத் துண்டுகள். நான் பேராசைப்பட்டு இரண்டடி வட்டை அப்படியே வைத்தேன், வெடித்துவிட்டது. மரம் காயும்போது வளையத்தை ஒட்டிச் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. முழு வட்டு எங்காவது பிளந்துதான் தீரும். தெரிந்தேதான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் பொய்.

இப்போது உளியைக் கீழே வைத்துவிட்டேன். மாதம் ஒருமுறை வட்டின்மேல் மை உருட்டி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்து எடுக்கிறேன். ஏழு தாள்கள் சேர்ந்திருக்கின்றன. முதல் தாளில் வெடிப்பு ஒரு மயிரிழை. ஏழாவதில் சுண்டுவிரல் நுழையும் வெள்ளைக் கோடு. ஒரு கோடுகூட நான் செதுக்கவில்லை. கீழே கையெழுத்து மட்டும் என்னுடையது. அது நியாயமா என்று தெரியாமல்தான் பாதியில் நிற்கிறது.

2 | மண்வாகு

நியாயம் கிடக்கட்டும், உங்கள் வெடிப்பு அழகாகவாவது இருக்கிறது.

கடையில் வாங்கும் மண்ணை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓடைக்கரை மண்ணிலேயே நாற்பது சாடிகள் வனைவது என்று கிளம்பினேன். மண்ணில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பத்து சென்டிமீட்டர் கோடு கீறிய சோதனைத் துண்டு, காய்ந்து சுட்டு வந்தபோது ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது. கோணலும் இல்லை. சூளையையும் பொறுமையாகத்தான் ஏற்றினேன். ஈரம் முழுவதும் போகும்வரை சிறு தீ. இறங்கும்போது 573 டிகிரியைத் தாண்டும்வரை மூச்சுகூட விடவில்லை; அந்த இடத்தில்தான் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும், அவசரப்பட்டுத் திறந்தால் சாடி கீறும். மறுநாள் திறந்தால் நாற்பதும் முழுசு. சந்தோஷத்தில் அலமாரியில் அடுக்கி வைத்து, வருகிறவர் போகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஐந்தாம் நாள் ஒரு சாடியின் தோளில் கடுகளவுச் சில்லு தெறித்துக் கிடந்தது. உள்ளே ஒரு வெள்ளைப் புள்ளி. அடுத்த நாள் இன்னும் மூன்று. இப்போது பதினொன்று போய்விட்டது.

3 | அவுரிக்காரி

சுக்கான் கல். சலித்தீர்களா?

4 | மண்வாகு

அக்கா, உங்களுக்கு இரக்கமே கிடையாது. சலித்தேன். கொசுவலையில்.

5 | அவுரிக்காரி

கொசுவலையில் கொசுதான் நிற்கும். அரிசிக் குருணை அளவுக் கல் தாராளமாக இறங்கியிருக்கும். புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மண்ணில் கிடக்கும் சுக்கான், அதாவது சுண்ணாம்புக்கல் துண்டு, சூளையில் வெந்து சுட்ட சுண்ணாம்பு ஆகிவிடுகிறது. பிறகு காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்து நீறுகிறது, நீறும்போது ஊதுகிறது, ஊதி மேலே இருக்கும் மண்ணைத் தெறிக்கிறது. மாவு போன்ற துகள் என்றால் தொல்லை இல்லை, கல்லாக இருந்தால்தான் இந்த வேலை. மிச்சமிருக்கும் இருபத்தொன்பதைத் தண்ணீரில் முக்கி எடுங்கள்.

6 | மண்வாகு

சூளையிலிருந்து இறக்கிய சூட்டோடு முக்கியிருந்தால் சுண்ணாம்பு ஒரே மூச்சில் நீறிக் கரைந்திருக்கும். இப்போது காலம் கடந்துவிட்டதா என்று தெரியவில்லை. பாதியை முக்குகிறேன், பாதியை விட்டுவைக்கிறேன். எது பிழைக்கிறது என்று பார்ப்போம்.

7 | நிழல்பிடி

நான் இந்தக் கூட்டத்தில் சின்னவள், என் திட்டமும் சின்னது. பள்ளி வளாகத்தில் இப்போது முளைத்துக் கிடக்கும் களைகளை எல்லாம் சயனோடைப் முறையில் நீல அச்சாக எடுக்கிறேன். பெரிக் அம்மோனியம் சிட்ரேட்டையும் பொட்டாசியம் பெரிசயனைடையும் கலந்து தாளில் பூசி, இருட்டில் காயவைத்து, மேலே செடியைப் பரப்பி வெயிலில் வைத்தால், நிழல் விழுந்த இடம் வெள்ளையாகவும் மற்றது நீலமாகவும் நிற்கும். 1842ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் இதே முறையில் கடற்பாசிகளை அச்செடுத்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கிவிட்டார். நூற்றெண்பது ஆண்டுகளாகியும் செய்முறை மாறவில்லை. எனக்கு அது ஒரு தைரியம்.

இதுவரை அறுபத்திரண்டு தாள்கள். எதையும் சட்டத்துக்குள் போட விருப்பமில்லை. செடி முளைத்த அதே வளாகத்தின் வகுப்பறைச் சுவரில், தரையிலிருந்து கூரைவரை பசை தடவி நேராக ஒட்டிவிட நினைக்கிறேன்.

சிக்கல் ஒன்று. எங்கள் கிணற்று நீரில் கழுவினால் நீலம் வெளுத்துப்போகிறது. நகரத்தில் பயிற்சி எடுத்தபோது கழுவியவை கருநீலமாக அப்படியே இருக்கின்றன. மருந்து பழையதாக இருக்குமோ?

8 | அவுரிக்காரி

மருந்தைக் குறை சொல்லாதே தங்கை. கிணற்று நீர் கடின நீரா? பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா?

9 | நிழல்பிடி

படிகிறது அக்கா. சுரண்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

10 | அவுரிக்காரி

அப்படியானால் அதுவும் சுண்ணாம்புதான். உன் நீலம் பிரஷ்யன் நீலம். அமிலத்தைத் தாங்கும், காரத்தைத் தாங்காது. முதல் கழுவலில் மட்டும் தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போட்டுப் பார். சோப்பு, சலவைச் சோடா பக்கமே போகாதே. வெயிலில் வெளுத்தது என்றால் இருட்டில் வைத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். காரத்தில் வெளுத்தது அப்படித் திரும்பாது.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அவுரித் தொட்டி. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. காரமான நீரில் அதன் ஆக்சிஜனைப் பிடுங்கினால்தான் கரைந்து மஞ்சள்பச்சையாக மாறும். துணியை முக்கி வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு, கண்ணெதிரே பச்சை நீலமாகிறது. எத்தனை ஆண்டுகள் பார்த்தாலும் அந்த ஒரு நிமிடம் எனக்குப் புளிக்கவில்லை. பிரான்சின் இயற்கைச் சாயக்காரர் மிஷேல் கார்சியா பரப்பிய 1-2-3 அளவில் வைத்திருக்கிறேன்: அவுரித் தூள் ஒரு பங்கு, நீற்றிய சுண்ணாம்பு இரண்டு, பழச்சர்க்கரை மூன்று. ஆகவே மண்வாகுவைக் கெடுத்ததும் உன்னைக் கெடுத்ததும் எனக்குச் சோறு போடுகிறது.

பாதியில் நிற்பது எது என்றால், ஒரே துணியில் முப்பது நீலம். ஒரு முனை ஒரு முக்கு, அடுத்தது இரண்டு முக்கு, கடைசி முனை முப்பது. பத்தொன்பதில் தொட்டி சோர்ந்துவிட்டது. மேலே மிதக்கும் செம்பு நிறப் படலம் காணாமல் போய்விட்டது. அதட்டி எழுப்ப முடியாது. சூடு காட்டி, சர்க்கரை கொடுத்து, மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டும்.

11 | சுவர்ப்பித்தன்

சுண்ணாம்பு என்றதும் வந்துவிட்டேன்.

பள்ளியின் வடக்குச் சுவர் என் பொறுப்பு. ஈரச் சாந்தின்மேல் வெறும் தண்ணீரில் குழைத்த நிறத்தால் தீட்டுகிறேன். பசை எதுவும் கிடையாது. சாந்து காயும்போது காற்றிலிருக்கும் கரியமில வாயுவைப் பிடித்து மறுபடியும் சுண்ணாம்புக்கல் ஆகிறது. நிறம் அந்தக் கல்லுக்குள் மாட்டிக்கொள்கிறது. காலையில் பூசிய சாந்தை அன்றைக்கே தீட்டி முடிக்க வேண்டும். முடியாத பகுதியைச் சுரண்டிப் போட்டுவிட்டு மறுநாள் புதிதாகப் பூச வேண்டும். இதுவரை தீட்டியதைவிடச் சுரண்டியது அதிகம்.

காவி, மஞ்சள் காவி, பச்சை மண், கரி எல்லாம் நன்றாக நிற்கின்றன. நீலம்தான் பிடிகொடுக்கவில்லை. பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பில் செத்துவிடும். மத்திய அமெரிக்காவின் மாயர்கள் இதைத் தீர்த்திருக்கிறார்கள். பாலிகோர்ஸ்கைட் என்ற களிமண்ணோடு அவுரியைச் சேர்த்துச் சூடாக்கினார்கள். அவுரி மூலக்கூறு களிமண்ணின் நுண்துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டப்பட்ட, மெக்சிகோவிலுள்ள போனாம்பாக் சுவரோவியங்களில் அந்த நீலம் இன்றும் இருக்கிறது. அக்காவிடம் அவுரி இருக்கிறது. மண்வாகு அண்ணன் அந்த மண்ணைத் தந்தால் போதும்.

12 | மண்வாகு

என்னிடம் இருப்பது சாடி உடைக்கும் மண். நீங்கள் கேட்கும் பாலிகோர்ஸ்கைட் ஓடைக்கரையில் அள்ளுவதற்கு அகப்படாது தம்பி, வரவழைக்க வேண்டும். வந்தால் என் சின்ன அடுப்பில் சூடாக்கித் தருகிறேன். உடைவதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பதால் நான் செய்தாலும் உருப்படும்.

13 | சுவர்ப்பித்தன்

இன்னொரு விஷயம். கண்காட்சி என்றால் அதற்கு ஒரு மையம் வேண்டாமா? ஆளுக்கொன்றாக மாட்டிவைத்தால் சந்தை மாதிரி ஆகிவிடும். ஜப்பானில் எச்சிகோ-சுமாரி என்ற மலைப்பகுதியில் 2000 முதல் கலைவிழா நடக்கிறது. 760 சதுர கிலோமீட்டரில், வயல்களுக்கும் காலி வீடுகளுக்கும் நடுவே. அங்கே மூடிப்போன ஒரு தொடக்கப்பள்ளியில் கிறிஸ்தியன் போல்தான்ஸ்கியும் ஜான் கால்மனும் 2006ல் ஒரு படைப்பு செய்தார்கள். இருண்ட கூடம், தொங்கும் பல்புகள், சுழலும் மின்விசிறிகள், எங்கிருந்தோ கேட்கும் இதயத்துடிப்பு. ஒரே எண்ணம், கட்டடம் முழுக்க. நாமும் "கைவிடப்பட்டவை" என்று ஒரு பொருளை வைத்துக்கொள்ளலாம்.

14 | ஒட்டுத்துணி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

யார் யாரைக் கைவிட்டார்கள்? பிள்ளைகள் குறைந்ததால் பள்ளியை மூடினார்கள், சரி. சுற்றிலும் ஆட்கள் இல்லையா? தினமும் அந்தச் சுவரோரம்தான் நான் நடந்து போகிறேன். தொலைவிலிருந்து வந்து இரண்டு மாதம் தங்கிப் போகிறவருக்கு அது கைவிடப்பட்ட கட்டடமாகத் தெரியலாம். எனக்கு அது பூட்டியிருக்கும் கட்டடம்.

நான் தைப்பது வேலைத் துணிகளை. முழங்கால் தேய்ந்த கால்சட்டை, கழுத்துப்பட்டை கிழிந்த சட்டை, இவற்றை வெட்டிப் போர்வையாகச் சேர்க்கிறேன். அலபாமாவில், ஆறு வளைந்து சூழும் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் கறுப்பினப் பெண்கள் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகத் தைத்தார்கள். குளிருக்குப் போர்த்திக்கொள்ளத் தைத்தவை. 2002ல் பெரிய அருங்காட்சியகங்களுக்குப் போயின, 2006ல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் வந்தன. எந்த அருங்காட்சியகத்துக்காகவும் அவர்கள் ஒரு மையம் வகுத்துக்கொள்ளவில்லை. கையில் இருந்த துணி எதுவோ அதுதான் மையம்.

என் போர்வை பாதியில் நிற்கக் காரணம் அக்காவின் தொட்டி. பழைய சட்டைகளை நீலம் முக்கத் தந்தேன், சில துண்டுகள் ஏறவே இல்லை.

15 | அவுரிக்காரி

அவை பாலியஸ்டர் கலந்தவை. அவுரி பருத்தியில் மட்டும் உட்கார்ந்திருக்கும். ஒரு நூலை எடுத்துக் கொளுத்திப் பார்த்திருந்தால் உருகி உருண்டையாகியிருக்கும். அந்த வெளிர் துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள், முப்பது முக்கு போட்டாலும் எனக்கு அந்தச் சாம்பல் நீலம் கிடைக்காது.

மையம் வைப்பதைப் பற்றி: வேண்டாம்.

16 | சுவர்ப்பித்தன்

பெரும்பான்மை என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சந்தையாகத்தான் இருக்கப்போகிறது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

17 | காதுகொடு

நான் ஒலி சேகரிப்பவன். என்னிடம் மாட்டிவைக்க ஒன்றும் இல்லை என்பதால் சந்தையின் நெரிசல் என்னால் கூடாது.

1975ல் கனடாவின் முர்ரே ஷேஃபர் தன் குழுவோடு ஐரோப்பாவின் ஐந்து கிராமங்களுக்குப் போய் ஒலிகளைப் பதிவு செய்தார்: ஸ்வீடனில் ஒன்று, ஜெர்மனியில் ஒன்று, இத்தாலி, பிரான்சு, ஸ்காட்லாந்தில் ஒவ்வொன்று. கால் நூற்றாண்டு கழித்துப் பின்லாந்து ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பிப்போய் மறுபடியும் பதிந்தார்கள். பழையதற்குப் பக்கத்தில் புதியதை வைத்துக் கேட்க முடிவதுதான் அதன் பெருமை. நானும் மூன்று ஆண்டுகளாக ஒரே நான்கு இடங்களில், ஒரே நேரத்தில் பதிகிறேன். கேட்பவருக்கு அலுப்பாக இருக்கும். எனக்கே அலுப்பாக இருக்கிறது. இன்னும் ஏழு ஆண்டுகள் போனால் பயன்படலாம்.

இடையில் ஒரு விண்ணப்பம். மண்வாகு அண்ணன், தெறிக்கக் காத்திருக்கும் அந்தச் சாடிகளில் ஒன்றை எனக்குத் தர முடியுமா? அதன் உடம்பில் ஒட்டுமைக்கை, அதாவது தொட்டு அதிர்வைப் பிடிக்கும் ஒலிவாங்கியை, வைத்துவிட்டு இரவு முழுவதும் கேட்க வேண்டும்.

18 | மண்வாகு

நன்றாக இருக்கிறது. என் தோல்விக்கு ஒலிவடிவமும் வரப்போகிறது. மூன்றாகவே எடுத்துக்கொள்ளுங்கள், எது எப்போது தெறிக்கும் என்று அதற்கே தெரியாது.

19 | புதுவரவு

நேற்றுத்தான் சேர்ந்தேன். முழுவதையும் ஒரே மூச்சில் படித்தேன். ஒரு சந்தேகம், தவறாக இருந்தால் மன்னியுங்கள். வடக்குச் சுவர் முழுக்கச் சுண்ணாம்புச் சாந்து பூசுகிறார்கள். பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பில் செத்துவிடும் என்று 11ஆம் பதிவில் இருக்கிறது. 7ஆம் பதிவில் நிழல்பிடி தன் தாள்களை வகுப்பறைச் சுவரில் நேராக ஒட்டப்போவதாகச் சொல்கிறார். வகுப்பறைகளுக்கும் வெள்ளையடித்திருக்கிறார்களா?

20 | ஏரிக்கரை

போன வாரம்தான் அடித்தோம். எல்லா அறைகளுக்கும். சுண்ணாம்பு.

21 | நிழல்பிடி

அறுபத்திரண்டு தாள்கள்.

22 | அவுரிக்காரி

பதறாதே, இன்னும் ஒன்றும் ஒட்டவில்லையே. புதிதாக வந்தவர்தான் எல்லோரையும்விடக் கவனமாகப் படித்திருக்கிறார், எனக்கும் தோன்றவில்லை.

மஞ்சளில் தோய்த்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக்கொள். சாயம் என்ற முறையில் மஞ்சளைப் பற்றி எனக்கு மரியாதை கிடையாது. வெயிலில் ஒரு வாரம்கூட நிற்காது, பயிற்சிக்கு வருகிறவர்களிடம் அதைத் தொடவே விடமாட்டேன். ஆனால் காரம் பட்டால் சிவக்கும். ஈரத் துணியைச் சுவரில் அழுத்தி எடுத்துப் பார். செக்கச்செவேல் என்று ஆனால் சுண்ணாம்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. நாளாக ஆகக் காற்றைக் குடித்து அது அடங்கும், சிவப்பும் குறையும்.

23 | சுவர்ப்பித்தன்

அடங்கினாலும் முழுக்க அடங்காது. சுண்ணாம்புக்கல்லே கொஞ்சம் காரம்தான். பசையின் ஈரம் சுவருக்கும் தாளுக்கும் நடுவே போய் நின்றால் மெல்ல மெல்லத் தின்னும். நேராக ஒட்டாதே. என் சாரத்துக்கு வாங்கிய மெல்லிய பலகைகள் மீதி இருக்கின்றன. சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி நிறுத்தித் தருகிறேன், பலகையில் காகித அட்டை போட்டு அதன்மேல் வை. அட்டை வாங்கும்போது, காரம் சேர்த்துப் பதப்படுத்தியது வேண்டாம் என்று கேட்டு வாங்கு. ஆவணக் காப்புக்கு என்று விற்பதில் பெரும்பாலும் அதைச் சேர்த்திருப்பார்கள். மற்றப் படங்களுக்கு நல்லது, உனக்கு நஞ்சு.

24 | நிழல்பிடி

மூன்று அறைகளிலும் பார்த்தேன். முதல் அறையில் துணி ரத்தம் மாதிரி சிவந்தது. வெயில் படும் கடைசி அறையில் செங்கல் நிறம். பலகைக்கு ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் ஒரு தாளை மட்டும், நெருஞ்சி விழுந்த தாளை, முதல் அறையின் சுவரில் நேராக ஒட்டப்போகிறேன். காட்சி நடக்கும் நாட்களில் அது எப்படிப் போகிறது என்று எல்லோரும் பார்க்கட்டும்.

25 | ஏரிக்கரை

அதற்கு எதிரே என் வட்டை வைக்கலாமா? இனி எடுக்கும் தாள்களை அங்கேயே, அந்த அறையிலேயே எடுக்கிறேன். என்னுடையது அகன்றுகொண்டே போகும், உன்னுடையது மங்கிக்கொண்டே போகும்.

26 | புதுவரவு

இங்கே எல்லோருடைய வேலையிலும் சுண்ணாம்பு இருக்கிறதே. கண்காட்சிக்கு அதையே தலைப்பாக வைக்கலாமே?

27 | அவுரிக்காரி

தலைப்பாக வைத்த அன்றே எல்லோரும் சுண்ணாம்பைப் பற்றிக் கவிதை எழுத ஆரம்பித்துவிடுவார்கள். அது தொட்டியிலும் சுவரிலும் இருக்கட்டும். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று இன்னும் சொல்லவே இல்லையே?

28 | புதுவரவு

காகிதம். வாழை நாரில். இன்னும் ஒரு தாள்கூடச் சரியாக வரவில்லை. நாரை வேகவைக்க எதைச் சேர்ப்பது என்று கேட்கத்தான் இங்கே வந்தேன். சோடா காரம் போடச் சொல்கிறார்கள், சிலர் சுண்ணாம்பு என்கிறார்கள்.

29 | மண்வாகு

சிரித்துச் சிரித்துக் கையிலிருந்த சாடியைக் கீழே போட்டுவிட்டேன். முக்கி எடுத்த பதினைந்தில் ஒன்று, இத்தனை நாள் ஒரு சில்லுகூடத் தெறிக்காமல் நின்றது.

30 | காதுகொடு

மூன்று சாடிகளையும் மூன்று இரவுகள் கேட்டேன். முதல் இரவு என் வீட்டுக் கூரையின் முனகல் மட்டும். இரண்டாம் இரவு ஒரு பல்லி. மூன்றாம் இரவு, விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், நடுச் சாடியிலிருந்து நகம் கிள்ளியதுபோல் ஒரே ஒரு "டிக்". காலையில் தேடிப் பார்த்தேன், கழுத்துக்குக் கீழே கடுகளவுச் சில்லு காணவில்லை. அந்த இரவில் கடைசி ஒரு மணி நேரத்தை வெட்டாமல் அப்படியே கொண்டு வருகிறேன். நாற்காலி ஒன்று மட்டும் போட்டுவையுங்கள்.

31 | ஏரிக்கரை

நாற்காலி பள்ளியிலேயே இருக்கிறது, ஆனால் எல்லாம் ஒன்றாம் வகுப்பு உயரம். ஞாயிறு காலை பலகை அடிக்க வருகிறவர்கள் சுத்தியலும் ஏணியும் எடுத்து வாருங்கள். மண்வாகு அண்ணன் சாடியை நடுவில் வைத்துப் பொதிந்து எடுத்து வரட்டும். புதுவரவு, நார் கொஞ்சம் கொண்டுவாருங்கள். சுவர்ப்பித்தனின் தொட்டியில் நீற்றிய சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறது.